புகைமூட்டம் வந்தாலே ஒற்றைத் தலைவலி: பந்திங் பக்கம் வேற யாருக்காவது இருக்கா?

பந்திங்_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல, சிலாங்கூர் பந்திங்ல செம்பனைத் தோட்டத்தை ஒட்டின தாமான்ல (குடியிருப்புல) இருக்கேன், தடிக்கா (பாலர் பள்ளி) டீச்சர். சின்ன வயசிலிருந்தே ஒற்றைத் தலைவலி (மைக்ரேன்) உண்டு. எப்பவாவது வரும், ஒரு நாள் படுத்தா போயிடும். ஆனா ஜூன் பிறந்து மழை நின்னுச்சுன்னா கதையே வேற. சாயங்காலம் பின்பக்கம் தானா கம்புட்ங்கற சதுப்பு மண் எரியற அந்த ஈரக்கரி வாடை வீட்டுக்குள்ள வந்ததும், கொஞ்ச நேரத்துல இடது கண்ணுக்கு மேல தெறிக்க ஆரம்பிச்சிடுது. வெளிச்சம் ஆகாது, பாத்திரச் சத்தம் ஆகாது, வாந்தி எடுத்தாத்தான் கொஞ்சம் அடங்கும்.

கிளினிக்ல சொன்னா, "ஸ்ட்ரெஸ், நல்லா தூங்குங்க"ன்னு எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்து அனுப்பிடறாங்க. புகையைப் பத்திச் சொன்னதை டாக்டர் எழுதிக்கக்கூட இல்ல. வீட்டுக்காரர் ஐபியு (காத்து மாசுக் குறியீடு) பார்த்துட்டு, "78தானே, மிதமா இருக்கு, நீயா பயந்துக்கிற"ங்கறார். காத்து மாசுக்கும் மைக்ரேனுக்கும் நிஜமாவே தொடர்பு இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. மனசு நொந்து போய்த்தான் கேக்கறேன்.

மண்டோர்_அண்ணன்

தங்கச்சி, நீ பயந்துக்கல. எங்க வீட்ல அவளுக்கும் இதேதான். எங்க பக்கத்துல ஆலை வேற. கொதிகலன்ல செம்பனை நாரும் ஓடும் போட்டு எரிக்கறப்போ கறுப்புப் புகை தாழ்வா இறங்குச்சுன்னா, துணியைத் தலையில இறுக்கிக் கட்டிக்கிட்டு உள் அறையில போய்ப் படுத்துக்குவா. கோடாலித் தைலம் தடவினா முன்னெல்லாம் கேக்கும். இப்ப அந்த வாசனையே அவளுக்கு ஆகமாட்டேங்குது.

இளைப்பாறிய_நர்ஸ்

மல்லிம்மா, தொடர்பு இருக்கு. எப்படி இருக்குன்னு கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

முகம், கண், மூக்கு, பல், மூளையைச் சுத்தியிருக்கிற சவ்வு, இது எல்லாத்துக்கும் உணர்ச்சி கொண்டு போறது ஒரே நரம்பு. டிரைஜெமினல்னு பேர், தமிழ்ல முக்கிளை நரம்பு. இந்த நரம்போட முனைகள்ல எரிச்சலூட்டற பொருளைக் கண்டுபிடிக்கிறதுக்குன்னே ஏற்பிகள் இருக்கு. அதுல ஒன்னு டிஆர்பிஏ1. புகையில இருக்கிற அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு மாதிரி சமாச்சாரம் மூக்குல பட்டதும் இந்த ஏற்பி தூண்டப்படும். நரம்பு முனையிலிருந்து சிஜிஆர்பிங்கற புரதப்பொருள் கசியும். மைக்ரேன் வலியில முக்கியமான பங்கு இதுக்குத்தான். 2018ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச புது வகை மைக்ரேன் ஊசிகள் எல்லாம் இந்த சிஜிஆர்பியைத் தடுக்கத்தான் வந்தது.

கலிஃபோர்னியாவுல ஒரு மரம் உண்டு, ஊர்க்காரங்க அதைத் தலைவலி மரம்னே கூப்பிடுவாங்க. இலையைக் கசக்கி மோந்தா சில பேருக்கு மண்டையைப் பிளக்கும். அதுல உள்ள அம்பெல்லுலோன்ங்கற பொருள் இதே டிஆர்பிஏ1 வழியாத்தான் சிஜிஆர்பியை வெளியே கொண்டு வருதுன்னு இத்தாலிய ஆய்வாளர்கள் 2012 வாக்கில காட்டினாங்க. அதனால மூக்கு வழியா வந்த ஒன்னு தலைவலியா மாறறது உன்னோட கற்பனை இல்லம்மா.

இன்னொன்னு. புகைக்காலத்துல மூக்கடைப்போட தலை வலிச்சா நம்ம ஆளுங்க "சைனஸ்"னு முடிவு கட்டிடுவாங்க. 2004ல அமெரிக்காவுல வெளிவந்த ஓர் ஆய்வுல, தனக்கு சைனஸ் தலைவலின்னு நம்பிக்கிட்டிருந்த 2,991 பேரைச் சோதிச்சாங்க. அதுல 88 விழுக்காட்டினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேன் வரும்போதே மூக்கு ஒழுகும், கண்ணுல தண்ணி வரும். அதுவும் அந்த நரம்போட வேலைதான். குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வந்தா சைனஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டே காலம் தள்ளாதீங்க.

சான்று_எங்கே

நர்ஸ் அம்மா விளக்கியது சரியான அறிவியல்தான். ஆனால் ஆய்வகத்தில் ஒரு வழி இருக்கிறது என்பதும், ஊருக்குள் அதுதான் நடக்கிறது என்பதும் ஒன்றல்ல. 2009இல் பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தலைவலியோடு வந்த 7,054 பேரை ஆராய்ந்தார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் வெப்பம் 5 பாகை செல்சியஸ் கூடினால் வாய்ப்பு 7.5 விழுக்காடு கூடியது. காற்று மாசுக்கோ தெளிவான தொடர்பு எதுவும் அதில் கிடைக்கவில்லை. நம் ஊரில் புகை வரும் மாதமும் வெயில் கொளுத்தும் மாதமும் ஒன்றுதான். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

அடுத்து, மைக்ரேன் வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே உடலில் மாற்றம் தொடங்கிவிடும். கொட்டாவி, கழுத்து இறுக்கம், வாசனை மிகையாகத் தெரிவது எல்லாம் அதில் சேர்த்தி. அப்படியானால், புகை வாடை வந்ததால் வலி வந்ததா, வலி வரவிருந்ததால் வாடை தூக்கலாகத் தெரிந்ததா? சகோதரியின் வேதனையை நான் மறுக்கவில்லை. காரணத்தைத் தவறாகப் பிடித்தால் நிவாரணமும் தவறாகிவிடும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

இளைப்பாறிய_நர்ஸ்

நல்ல கேள்வி தம்பி, கேக்க வேண்டிய கேள்விதான்.

பாஸ்டன் ஆய்வு ஒரு நகரம், அதுவும் காத்து ஓரளவு சுத்தமான நகரம். சியோல்ல 2008லிருந்து 2014 வரைக்கும் மைக்ரேனுக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவங்களைப் பார்த்தாங்க. பிஎம் 2.5ங்கற நுண்துகள் கூடின நாள்கள்ல வருகை கூடியிருந்தது. அளவு சின்னதுதான், சில விழுக்காடு. ஆனா வெப்பம் அதிகமா இருந்த நாள்கள்ல அந்தத் தொடர்பு இன்னும் பலமாச்சு. தைப்பேயிலும் மைக்ரேனுக்காக கிளினிக் போனவங்ககிட்ட நுண்துகள் தொடர்பைப் பார்த்திருக்காங்க. அதனால வெயிலா புகையான்னு பிரிச்சுத்தான் ஆகணும்னு இல்ல. ரெண்டும் ஒன்னு கூடினாத்தான் மோசம், நம்ம ஊரு ஜூலை, ஆகஸ்ட் மாதிரி.

புகை மைக்ரேனை உண்டாக்காது. மைக்ரேன் உள்ள மண்டை பிறவியிலேயே கூர்மையானது, பெரும்பாலும் அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வந்திருக்கும். உலகத்துல ஏழு பேர்ல ஒருத்தருக்கு இருக்கு, பெண்களுக்கு ஆண்களைப் போல சுமார் மூனு மடங்கு. தூக்கக் குறைவு, பசி, மாதவிடாய், வெயில்னு பல விஷயம் அதைச் சீண்டும். புகையும் அந்த வரிசையில ஒன்னு. ஒன்னு தனியா வந்தா தாங்கிடற தலை, மூனு சேர்ந்தா தாங்காது.

வாசனை விஷயத்துல நீங்க சொல்றது சில பேருக்கு உண்மைதான். அதைத் தெரிஞ்சுக்க ஒரே வழி எழுதி வைக்கறது. வலி வந்த நாளை மட்டும் எழுதினா பத்தாது, புகை வந்தும் வலி வராத நாளையும் எழுதணும்.

பந்திங்_மல்லி

நன்றி நர்ஸம்மா, படிக்கும்போதே கண் கலங்கிடுச்சு. சார், நீங்க கேட்டதும் நியாயம்தான், கோவமில்ல. ஆனா ஐபியு 78ங்கறப்போ வீட்ல மூச்சு முட்டற அளவு வாடை இருந்துச்சே, அது எப்படி?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

இதை நான் சொல்கிறேன். ஐபியு 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் ஆபத்து. இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, நுண்துகளுக்கான எண் கடந்த 24 மணி நேரத்தின் ஓடும் சராசரி என்பது. உங்கள் வீட்டுப் பின்னால் மாலை ஆறு மணிக்குப் பற்றிக்கொண்ட புகை, பகல் முழுவதும் சுத்தமாக இருந்த காற்றோடு சேர்த்துச் சராசரியாக்கப்பட்டுத்தான் திரையில் வருகிறது. மாத மின்கட்டணத்தைப் பார்த்து எந்த இரவு விளக்கு எரிந்தது என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும். நரம்பு சராசரி பார்ப்பதில்லை. அந்த மணிக்கு மூக்கில் பட்டதுதான் அதற்குக் கணக்கு.

இன்னொன்று, நாடு முழுக்க இருப்பது அறுபது சொச்சம் நிலையங்கள்தான். அவை வட்டாரக் காற்றை அளக்கின்றன. உங்கள் தெருவை அளக்கவில்லை.

"மிதமானது" என்ற சொல்லையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பிஎம் 2.5க்கு நம் நாட்டின் 24 மணி நேர அளவுகோல் கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வழிகாட்டி 15.

கம்புட் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மண்ணே அல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி மக்காமல் கிடந்த செடிகொடி. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காய்ந்து எரிபொருளாகிவிடும். நெருப்பு மேலே தெரியாது. அடியில் கனன்றுகொண்டே நகரும், மேலே வெள்ளைப் புகை மட்டும் கசியும். குறைந்த சூட்டில் அரைகுறையாக எரிவதால் நுண்துகளும் எரிச்சல் வாயுக்களும் மிகுதி, ஃபார்மால்டிஹைடு உட்பட. தண்ணீர் ஊற்றினால் மேல்தட்டு மட்டும் நனையும். கிள்ளான் பக்கத்து ஜொகான் செத்தியாவில் வெயில் காலந்தோறும் பொம்பா (தீயணைப்புப் படை) படும் பாடு அதுதான். அங்கே நிலம் முழுக்க நீரில் மூழ்கினால்தான் தீ சாகும்.

பழைய_கிராணி

வாத்தியார் சொல்லச் சொல்ல 2005 ஆகஸ்ட் ஞாபகம் வருகிறது. போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை போட்டார்கள். 2013 ஜூனில் மூவாரில் 746 வரை போனது. அந்த நாள்களில் தோட்ட ஆஸ்பத்திரி வாசலில் ஆஸ்துமாக்காரர்களை வரிசையில் முன்னே விடுவார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகக் குந்தியிருக்கும் பெண்களுக்கு இரண்டு பெனடோல் (பாராசிட்டமால்), அவ்வளவுதான். யாரும் அதைப் புகைநோய் என்று பதிவேட்டில் எழுதியதில்லை. எழுதாத நோய்க்குக் கணக்கு எங்கிருந்து வரும்?

புகைக்கு இந்தோனேசியாவின் சுமத்ராவை மட்டும் கை காட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. 2018இல் பக்கத்து ஜெஞ்சாரோமில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை இரவில் எரித்தார்களே, அந்த நாற்றத்துக்கு எந்தக் கடலைத் தாண்டிக் காரணம் தேடுவது? அந்த ஊர் மக்கள் தாங்களே படம் எடுத்து, குறிப்பு எழுதி, விடாமல் புகார் கொடுத்ததால்தான் அதிகாரிகள் வந்தார்கள். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. பழைய மரத்தை வெட்டி எரித்து மறுநடவு செய்ததை நான் கண்ணால் பார்த்தவன். இன்று பெரிய தோட்டங்களில் மரத்தைச் சீவி மண்ணிலேயே மக்க விடுகிறார்கள். ஆக, எரிக்காமல் முடியும்.

மண்டோர்_அண்ணன்

ஐயா சொன்னது சரி. நான் ஒன்னு கேக்கறேன். ஐபியு 100 தாண்டினா பள்ளிக்கூடத்துல திடல் விளையாட்டு நிறுத்தணும், 200 தாண்டினா பள்ளியையே மூடணும். நல்லது, பிள்ளைங்க உயிர். பழம் வெட்டற பையனுக்கு எந்த எண்ணுக்கு மேல வேலை நிறுத்தம்? எங்க தோட்டத்துல யாரும் இதுவரைக்கும் சொன்னதில்ல. விடியறதுக்குள்ள வெறும் வயித்துல ஒரு கோப்பித் தண்ணியோட இறங்கறான், பத்து மணிக்குள்ள வெயில். அரிவாக் கம்பைத் தூக்கி மேல பார்த்துக்கிட்டே நிக்கணும், கழுத்து பின்னுக்கு வளைஞ்சே இருக்கும். அதோட புகை. தலைவலின்னு உக்காந்தா அன்னைக்குக் குலைக் கணக்கு குறையும், காசு குறையும். உதிரிப் பழம் பொறுக்கற பொம்பளைங்க வாந்தி எடுத்துட்டு மறுபடி குனியறதைப் பார்த்திருக்கேன். எனக்கு அது தாங்கல.

ராணி_அத்தை_தெலுக்

வெளிப்புகை பத்தி எல்லாரும் பேசறீங்க. சாயங்காலம் ஆனா சன்னலை எல்லாம் சாத்திட்டு, உள்ள கொசுவத்தியும் சாம்பிராணியும் கொளுத்தறது நம்ம வீடுகள்ல வழக்கம். அதுவும் சேருமா? சாம்பிராணி இல்லாம வெள்ளிக்கிழமையை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது எனக்கு.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

சேரும் அத்தை, நிறையவே சேரும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் கொசுவத்திகளை எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம். ஃபார்மால்டிஹைடு, சில வகையில் 51 சிகரெட் அளவு. சாத்திய அறையில் அது எங்கே போகும்?

இளைப்பாறிய_நர்ஸ்

அதுக்காகக் கொசுவத்தியை நிறுத்திட்டு டிங்கிக் காய்ச்சலை வாங்கிக்க வேணாம். கொசுவலை கட்டுங்க, முழுக்கைச் சட்டை போட்டு விடுங்க, தண்ணி தேங்கற இடத்தைக் கவிழ்த்து வைங்க. சுருள்தான் வேணும்னா வீட்டுக்கு வெளியே வைங்க. சாம்பிராணியை வாசல்ல காட்டிட்டு, புகை அடங்கினப்புறம் கதவைத் திறந்து விட்டா போதும். சாமி கோவிச்சுக்காது அத்தை.

டிங்கின்னதும் ஒன்னு. கண்ணுக்குப் பின்னால வலியோட காய்ச்சலும் இருந்தா அது மைக்ரேன்னு நினைச்சு பொன்ஸ்தான், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போடவே கூடாது, ரத்தக்கசிவு ஆகலாம். பெனடோல் மட்டும் போட்டுட்டு ரத்தம் சோதிங்க. இடி மாதிரி திடீர்னு வந்த தலைவலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், கழுத்து விறைப்பு, 50 வயசுக்கு மேல முதல் தடவையா வர்ற தலைவலி, இதுக்கெல்லாம் புகை மேல பழி போட்டுக்கிட்டு வீட்ல இருக்காதீங்க. நேரா அவசரப் பிரிவு.

மருந்துக்கடை_தம்பி

நான் மருந்தாளர். புகைக்காலத்தில் என் கடையில் அதிகம் விற்பது வலி மாத்திரைதான், அதுவே எனக்குப் பெரிய கவலை. பெனடோல் மாதிரியானதை மாதத்தில் 15 நாள், மைக்ரேனுக்கான எர்கோட்டமின், ட்ரிப்டான் வகையை 10 நாள் என்ற கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தினமும் தலைவலியைக் கொண்டு வரும். வலி வந்ததும் சீக்கிரம், சரியான அளவில் போடுங்க. அரை மாத்திரையாகப் பிரித்துப் பிரித்து நாள் முழுக்கப் போடாதீங்க.

வலி அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து இருக்கிறது. பிரோப்ரனோலால் மலிவு, நல்ல மருந்து, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. புகைமூட்ட ஊரில் இது முக்கியம். சின்ன வயதில் இழுப்பு இருந்திருந்தால்கூட டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்க. கண்ணில் மின்னல் கோடு தெரிந்து வலி வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும். அதையும் சொல்லுங்க.

முகமூடி விஷயம்: நீல நிற மெல்லிய மாஸ்க் ஓரங்களில் எல்லாம் கசியும். என்95 முகத்தோடு ஒட்டினால் துகளைப் பிடிக்கும், ஆனால் வாயுவைப் பிடிக்காது. அதனால் போட்ட பிறகும் வாடை தெரியலாம். கார்பன் அடுக்கு உள்ளது வாடைக்குக் கொஞ்சம் உதவும். வீட்டில் ஓர் அறையை மட்டும் தேர்ந்தெடுத்து, பட்டைக் கண்ணாடி சன்னலின் இடுக்கை நாடா ஒட்டி அடைத்து, ஹெப்பா வடிகட்டி உள்ள, காற்றைச் சுத்தப்படுத்தும் சின்ன இயந்திரம் ஒன்று வைத்தால் போதும். வீடு முழுக்க வேண்டாம்.

பந்திங்_மல்லி

கொஞ்ச நாளாச்சு, மன்னிக்கணும். நர்ஸம்மா சொன்ன மாதிரி நோட்டுல எழுதிக்கிட்டு வந்தேன், சார் சொன்னதுக்காக வலி வராத புகை நாளையும் சேர்த்தே. புகை வந்த எல்லா சாயங்காலமும் வலி வரல. புகையோட, மத்தியானம் பிள்ளைங்களுக்கு ஊட்டிட்டு நான் சாப்பிடாம விட்ட நாளும் மாதவிடாய் நெருங்கின நாளும் சேர்ந்தப்போதான் படுக்கையில விழுந்திருக்கேன். வெயில் மட்டும் அடிச்சு வாடையே இல்லாத நாள்ல லேசான பாரத்தோட போயிருக்கு.

இந்த முறை அரசாங்க கிளினிக் போனேன். ஒரு வெள்ளி (ரிங்கிட்) பதிவுக் கட்டணம், பாதி நாள் காத்திருப்பு. ஆனா டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமா திருப்பிப் பார்த்தாங்க. சின்ன வயசுல இழுப்பு இருந்ததைச் சொன்னேன். அதனால பிரோப்ரனோலால் வேணாம்னு ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின்ங்கற தடுப்பு மருந்தைக் குறைஞ்ச அளவுல எழுதிக் கொடுத்தாங்க. வீட்டுக்காரர் நோட்டைப் படிச்சுட்டு, இப்ப வாடை வந்ததும் அவரே சன்னலைச் சாத்தறார்.

சான்று_எங்கே

சகோதரி, ஒரே ஆளின் குறிப்பேடு ஆய்வாகாது என்றாலும், உங்கள் சிகிச்சைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. வலி இல்லாத நாளையும் எழுதியதற்கு நன்றி. பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை.

மண்டோர்_அண்ணன்

தங்கச்சி, அந்த நோட்டு எப்படிக் கோடு போட்டேன்னு சொல்றியா? எங்க ஆளுங்க பத்துப் பேர்கிட்ட கொடுக்கணும். தொழிற்சங்கக் கூட்டத்துல வெறும் வாயால பேசினா எடுபடாது, கையில தாள் இருக்கணும்.

பந்திங்_மல்லி

சொல்றேன் அண்ணே. தேதி, புகை வாடை வந்த மணி (வரலைன்னா "இல்ல"ன்னு எழுதணும்), அப்ப ஐபியு, சாப்பிட்ட நேரம், தூங்கின நேரம், வலி தொடங்கின மணி, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, என்ன மாத்திரை எத்தனை, வேலை நின்னுச்சா இல்லையா. பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நாள் ஒரு கட்டம். எழுதப் படிக்கச் சிரமப்படறவங்களுக்கு நான் படம் போட்ட தாள் தயார் பண்ணித் தர்றேன், தடிக்காவுல எங்களுக்கு அதுதானே வேலை. சனிக்கிழமை பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கம் வந்தா வாங்கிக்கலாம்.

இளைப்பாறிய_நர்ஸ்

காய்ச்சல் உண்டா இல்லையான்னும் ஒரு கட்டம் சேர்த்துடும்மா. ஒரே வீட்ல ரெண்டு மூனு பேருக்கு ஒரே நேரத்துல தலை வலிச்சா அதையும் எழுதச் சொல்லு. சாத்தின இடத்துல கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடியிருந்தா அது மைக்ரேன் இல்ல, கார்பன் மோனாக்சைடு. உடனே எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்துட்டு 999 கூப்பிடணும்.